ஊர்ல அப்பா தவறினதுக்கப்புறம் கிசான் பணம், பட்டா, உயில்: சிங்கப்பூர்லேருந்து வந்த கேள்விகள்

ஊர்ல விவசாயம் பார்த்துட்டு இருந்த அப்பா தவறிட்டா இங்க இருக்க பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் லீவு கிடைக்கிறதே பெரிசு, காரியம் முடிஞ்ச கையோட ஃப்ளைட் ஏறிடறாங்க, அதுக்கப்புறம்தான் பட்டா, லோன், கிசான் பணம்னு ஒவ்வொண்ணா கிளம்பும். இந்த தடவை வந்ததும் பெரும்பாலும் அந்த மாதிரி கேள்விதான். யாரா இருந்தாலும் மொதல்ல பட்டாவுல பேரை மாத்துங்க, மானியம், காப்பீடு, லோன் எல்லாம் அந்தப் பேரைத்தான் பார்க்கும்.

கேள்வி (துவாஸ்): அப்பா இறந்து எட்டு மாசம் ஆச்சு. பிஎம் கிசான் (மத்திய அரசு விவசாயிங்களுக்குக் குடுக்கற உதவித்தொகை) 2000 ரூபா இன்னும் அவர் அக்கவுண்ட்லதான் விழுது, தம்பி ஏடிஎம் கார்டு வச்சு எடுத்து அம்மாகிட்ட குடுக்கறான். தப்பா? அதை என் பேருக்கு மாத்தலாமா அண்ணே?

தம்பிகிட்ட இன்னிக்கே ஃபோன் போட்டு கார்டை ஓரமா வைக்க சொல்லுங்க. அம்மாவுக்குத்தான் குடுக்கறான், நல்ல எண்ணம்தான், ஆனா அந்தப் பணம் அப்பா உயிரோட இருக்கற வரைக்கும்தான் அவருக்கு உரிமை, அதுக்கப்புறம் வந்த தவணையை அரசாங்கம் திருப்பிக் கேட்கும், இறந்தவர் அக்கவுண்ட்லேருந்து கார்டு போட்டு எடுக்கறதை பேங்க்கும் ஒத்துக்காது. இறப்புச் சான்றிதழ் காப்பியோட வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து நிறுத்தச் சொல்லுங்க, எடுத்த தவணைகளை கட்டிடுங்க, கிசான் வெப்சைட்லயே ரீஃபண்ட் பண்ண வழி இருக்கு. பேங்க்லயும் தகவல் சொல்லிடணும்.

உங்க பேருக்கு மாத்த முடியாது. வெளிநாட்டுல இருக்கறவங்க, அதாவது வருமான வரி சட்டப்படி என்ஆர்ஐ ஆனவங்க இந்தத் திட்டத்துல கிடையாது, ஒர்க் பெர்மிட்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் இங்க இருக்கீங்க, பாஸ்போர்ட் இந்தியாதுன்னாலும் நீங்க என்ஆர்ஐதான். ஆனா அம்மாவுக்கு வழி இருக்கு. 1.2.2019 அன்னிக்கு யார் பேர்ல நிலம் இருந்துச்சோ அவங்களுக்குத்தான் பணம்ங்கறது விதி, அதுக்கப்புறம் நிலம் வாங்கினவங்களுக்கு வராது, ஆனா உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு குடுத்திருக்காங்க. அதனால அம்மா பேர்ல பட்டா மாறினதும் அவங்க புதுசா பதிவு பண்ணிக்கலாம், வருஷம் 6000 ரூபா, மூணு தவணை. அம்மா வருமான வரி கட்டறவங்களா இருக்கக்கூடாது, மாசம் 10,000 அல்லது அதுக்கு மேல பென்ஷன் வாங்கறவங்களாவும் இருக்கக்கூடாது. ஆதார் லிங்க் ஆன பேங்க் அக்கவுண்ட், இ-கேஒய்சி, விவசாயிகளுக்கான தனி அடையாள எண் மூணும் அம்மா பேர்ல ரெடியா இருக்கட்டும்.

கேள்வி (பொங்கோல்): லீவே இல்ல சார். வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம் இதெல்லாம் இங்கேருந்தே முடிக்கலாமா?

முக்கால்வாசி முடிக்கலாம். மொதல்ல இறப்பை 21 நாளைக்குள்ள பதிஞ்சிருக்காங்களான்னு பாருங்க, வீட்டுல இறந்தவங்களுக்கு நிறைய பேர் இதை விட்டுடறாங்க, ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா மாஜிஸ்திரேட் ஆர்டர் வரைக்கும் அலையணும். அப்புறம் இ-சேவை மூலமா தாசில்தார்கிட்ட வாரிசு சான்றிதழ், அதை வச்சு பட்டா மாற்றம்.

எங்க மாட்டுவீங்கன்னா பேர்லதான். பட்டாவுல அப்பாவுக்கு ஒரு இனிஷியல் இருக்கும், ஆதார்ல ரெண்டு இருக்கும், இறப்புச் சான்றிதழ்ல இனிஷியலே இருக்காது, தாசில்தார் ஆபீஸ்ல மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு இவங்கல்லாம் ஒரே ஆளான்னு கேட்பாங்க. அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே மூணோட ஃபோட்டோவையும் வாட்ஸாப்ல வாங்கி பெரிசு பண்ணிப் பாருங்க, தப்பு இருந்தா திருத்திட்டு அப்புறம் போடுங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருந்தா தாத்தாவுக்கும் தனியா வாரிசு சான்றிதழ் வேணும், அதுல சித்தப்பா, பெரியப்பா, அத்தைமார் எல்லாரும் வருவாங்க. அந்தப் பேச்சை ஃபோன்லயாவது இப்பவே ஆரம்பிங்க, வயசானவங்க இருக்கும்போதே பேசி முடிக்கறது நல்லது.

நேர்ல கையெழுத்து போட வேண்டிய இடத்துக்கு பவர் ஆஃப் அட்டர்னி குடுக்கலாம். இங்க நோட்டரிகிட்ட கையெழுத்து போட்டு சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லால அப்பாஸ்டில், அதாவது வெளிநாட்டுலயும் ஏத்துக்கற சான்று முத்திரை வாங்கணும் (2021 செப்டம்பர்லேருந்து இந்த முறை இருக்கு), இல்லன்னா கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணலாம். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த 3 மாசத்துக்குள்ள அங்க முத்திரைத் தீர்வை கட்டணும், இதை மறந்துட்டு பீரோவுல வச்சிருந்து பிறகு தவிக்கறவங்க அதிகம். பவர்ல எந்த சர்வே நம்பர், எந்த வேலைன்னு தெளிவா எழுதுங்க, பட்டா வேலைக்குக் குடுக்கற பவர்ல விக்கற அதிகாரம் தேவையே இல்ல.

கேள்வி (ஜூரோங்): அப்பா நிலத்தை எனக்கு உயில் எழுதி வச்சிருக்கார், ரிஜிஸ்டர் பண்ணல. தஞ்சாவூர் பக்கம் நிலம், அங்கேயே எழுதினது. ப்ரொபேட் (உயில் உண்மைதான்னு கோர்ட்ல உறுதி வாங்கறது) கட்டாயமா? அவர் முன்னாடி இங்க வேலை பார்த்தவர், இங்க பேங்க்லயும் கொஞ்சம் பணம் இருக்கு.

உயிலை ரிஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டு சாட்சி கையெழுத்து முறையா இருந்தா செல்லும். அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னு விசாரிச்சு வச்சுக்கோங்க, நாளைக்கு யாராவது எதிர்த்தா கோர்ட்ல அவங்கள்ல ஒருத்தராவது வந்து பேசணும். தஞ்சாவூர்ல எழுதி தஞ்சாவூர் நிலத்துக்கு மட்டும் உள்ள இந்து உயிலுக்கு ப்ரொபேட் கட்டாயம் கிடையாது. சென்னையில சொத்து இருந்தா அதை வக்கீல்கிட்ட தனியா கேளுங்க. கட்டாயம் இல்லன்னாலும் கூடப் பிறந்தவங்க ஆட்சேபணை குடுத்தா தாசில்தார் உங்களை சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வார். இன்னொண்ணு, நிலம் அப்பா சொந்தமா வாங்கினதா, பரம்பரையா வந்ததா? பரம்பரைன்னா அவரோட பங்கை மட்டும்தான் அவரால உயில் எழுத முடியும்.

இங்க இருக்க பணம் வேற ரூட்டு. உயில் அதையும் சேர்த்து சொல்லியிருந்தா ஃபேமிலி ஜஸ்டிஸ் கோர்ட்ஸ்ல கிரான்ட் ஆஃப் ப்ரொபேட், உயில் இல்லன்னா லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்க கோர்ட் குடுக்கற அதிகாரம். உயில் இல்லாம, தகராறும் இல்லாம, மொத்தம் 50,000 வெள்ளிக்குள்ளன்னா பப்ளிக் டிரஸ்டி ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. சிபிஎஃப் (இங்கத்த சேமநிதி) பணம் உயில்ல வராது, அதுக்கு நாமினேஷன்தான். இங்க எஸ்டேட் டியூட்டி (இறந்தவர் சொத்து மேல போடற வரி) 2008 பிப்ரவரி 15லேருந்து எடுத்தாச்சு, அந்த பயம் வேண்டாம். சிங்கப்பூர் வாரிசுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைங்களுக்குப் பாதின்னு இங்க கேள்விப்பட்டதை ஊர் நிலத்துக்குப் போட்டுப் பார்க்காதீங்க, நிலம் எந்த நாட்டுல இருக்கோ அந்த நாட்டு சட்டம்தான் அதுக்கு.

கேள்வி (ஈசூன்): நான் சிங்கப்பூர் சிட்டிசன், ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்கற அட்டை) வச்சிருக்கேன். விவசாய நிலம் எனக்கு வருமா? வித்து பணத்தை இங்க கொண்டு வரலாமா?

ஓசிஐ வச்சு விவசாய நிலத்தை வாங்க முடியாது, ஆனா இந்தியாவுல குடியிருந்த அப்பாகிட்டேருந்து வாரிசா வர்றதுக்குத் தடை இல்ல. விக்கும்போது இந்தியாவுல குடியிருக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம், இங்க இருக்க இன்னொரு ஓசிஐ நண்பருக்கு விக்க முடியாது. பணம் என்ஆர்ஓ அக்கவுண்ட்ல (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வரவுக்கு வச்சிருக்கற பேங்க் அக்கவுண்ட்) விழணும், அங்கேருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரைக்கும் கொண்டு வரலாம், ஆடிட்டர் பேப்பர் வேலை இருக்கு. விக்கணும்னு அவசரம் இல்லன்னா அம்மாவுக்கோ தம்பிக்கோ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம் (உங்க பங்கை விட்டுக்குடுக்கற பத்திரம்) போட்டுக் குடுக்கறதையும் யோசிங்க, உழுறவங்க பேர்ல நிலம் இருந்தாதான் மானியமும் காப்பீடும் அவங்களுக்கு வரும்.

கேள்வி (செங்காங்): கல்யாணம் ஆகி இங்க வந்துட்டேன், எனக்குப் பங்கு இல்லன்னு அண்ணன் சொல்றார்.

இருக்கு அக்கா. அப்பா உயில் எழுதாம போனா இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 படி அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சமம், அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் பங்கு உண்டு. பரம்பரை சொத்துலயும் 2005லேருந்து மகளுக்கு சம உரிமை, அப்பா அதுக்கு முன்னாடியே இறந்திருந்தாலும் உண்டுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி முறையா ரிஜிஸ்டர் ஆன பாகப்பிரிவினை இருந்தா அதைத் தொட முடியாது. வாரிசு சான்றிதழ்ல உங்க பேர் விட்டுப்போயிருந்தா தாசில்தாருக்கு எழுத்துல ஆட்சேபணை அனுப்புங்க, தள்ளிப்போடாதீங்க.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அப்பா கூட்டுறவு சொசைட்டியில பயிர்க்கடனும் நகைக்கடனும் வாங்கியிருக்கார். நான் சம்பளத்துலேருந்து கட்டணுமா?

நீங்க ஜாமீன் கையெழுத்து போடலன்னா, உங்களுக்கு வந்த சொத்து மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு, உங்க சம்பளத்தைத் தொட முடியாது. ஆனா நிலம் அடமானத்துல இருக்கான்னு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துடுங்க, அந்தப் பயிருக்குக் காப்பீடு கட்டியிருந்தாரான்னும் சொசைட்டியில கேளுங்க. நகை ரசீதை மட்டும் உடனே தேடி எடுத்து கெடு தேதியைப் பாருங்க, கெடு தாண்டினா ஏலத்துக்குப் போயிடும், அதனால இறப்புச் சான்றிதழோட அம்மாவை நேர்ல அனுப்பி டைம் கேட்டு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.