ஏழு நாள் ஷூட்டிங், ஓராண்டு தடை

கேள்வி: மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குகிறேன். ஒரு ரியாலிட்டி ஷோவில் தொகுப்பாளர் வாய்ப்பு வந்திருக்கிறது. 13 எபிசோடு, ஆனால் ஓராண்டுக்கு வேறெங்கும் தோன்றக் கூடாதாம். போர்ட்ஃபோலியோவுக்கு (புகைப்படத் தொகுப்பு) முன்பணம் கட்டச் சொல்கிறார், வாய்ப்பைக் கொண்டுவந்த கோ-ஆர்டினேட்டர். இப்போதுள்ள வேலையை விடலாமா?

பதில்: விடாதீர்கள். வாரம் ஒன்று என்றால் 13 எபிசோடு ஒளிபரப்பாக மூன்று மாதம் ஆகும். ஆனால் செட், கேமரா எல்லாம் நாள் வாடகை என்பதால் ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுப்பது சாதாரணம். அப்படியானால் ஏழு நாளில் உங்கள் வேலை முடிந்துவிடும். ஏழு நாள் சம்பளத்தை வைத்துக்கொண்டு ஓராண்டை எப்படி ஓட்டுவீர்கள்?

தடை எதற்கு என்று எழுதி வாங்குங்கள். போட்டிச் சேனலின் இதே வகை ஷோவுக்கு மட்டும் என்றால் நியாயம். மேடையையும் யூடியூபையும் சேர்த்தால் அது உங்கள் பிழைப்பு, கையெழுத்துப் போடாதீர்கள். பணம் 'ஒளிபரப்பானதும்' என்றிருந்தால் 'படப்பிடிப்பு முடிந்ததும்' என்று மாற்றச் சொல்லுங்கள்; எடுத்துவிட்டு அலமாரியில் போடும் எபிசோடுகளும் உண்டு. அடுத்த சீசனை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். 'அமெரிக்கன் ஐடல்' என்ற அமெரிக்கப் பாட்டுப் போட்டி ஷோ 2002-ல் இரண்டு தொகுப்பாளர்களோடு தொடங்கியது, இரண்டாம் சீசனில் ஒருவர்தான் இருந்தார்.

ஒப்பந்தத்தில் இதையெல்லாம் படிக்கத் தயாரிப்பு நிறுவனத்தார் உங்களுக்கு நேரம் தருவார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தபின் இருபது பக்கத்தை நீட்டுவதும் உண்டு. முந்தைய நாளே அனுப்பச் சொல்லி அடம்பிடியுங்கள்.

இப்போது அந்தக் கோ-ஆர்டினேட்டர். ஒழுங்கான ஏஜென்ட் உங்களுக்குப் பணம் வந்தபிறகு அதிலிருந்து கமிஷன் எடுப்பார், பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம். பதிவுக் கட்டணம், ஆடிஷன் கட்டணம், போர்ட்ஃபோலியோ, அடையாள அட்டை என எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அவர் தொழில் அந்தப் பணம்தான். அவர் தரும் எண்ணை விட்டுவிட்டு, தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடி அழைத்து, இவரைத் தெரியுமா என்று கேளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஷோரீல், அதாவது உங்கள் திறமையைக் காட்டும் சிறு வீடியோ. அதற்குச் செலவழிக்கலாம், ஆனால் எடிட்டர் நீங்கள் தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும், 'எங்கள் ஸ்டுடியோவில்தான்' என்று எவரும் சொல்லக் கூடாது. எடிட் செய்யாத ஃபுட்டேஜ் முழுவதும் உங்கள் கைக்கு வர வேண்டும். இரண்டு நிமிடம் போதும். முதல் 15 நொடியில் உங்கள் முகமும் குரலும் வரட்டும், கிராஃபிக்ஸ் வேண்டாம். வெட்டே இல்லாத ஒரு நிமிடத்தைக் கட்டாயம் சேருங்கள். காதில் மாட்டிய கருவியில் இயக்குநர் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டியாளரிடம் தடுமாறாமல் பேசுகிறீர்களா என்பதைத்தான் தேர்வு செய்பவர் அதில் பார்ப்பார்.