கணினி கேள்வி–பதில்: லினக்ஸில் விளையாட்டும் வன்பொருளும்

மதுரை வாசகர்: எங்கள் வீட்டுக் கணினி 2017இல் வாங்கியது. இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். லினக்ஸுக்கு மாறினால் மகன் ஆடும் கவுன்டர்-ஸ்டிரைக் 2, ஜிடிஏ 5, வேலரன்ட் மூன்றும் ஓடுமா?

கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஓடும்; ஜிடிஏ 5 பாதி ஓடும்; வேலரன்ட் ஓடவே ஓடாது. மகனுக்கு உயிர் வேலரன்ட்தான் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, இப்போதைக்கு மாறாதீர்கள்.

உங்களைப் போலவே பலருக்கும் இந்தக் கேள்வி எழக் காரணம், விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததும், விண்டோஸ் 11 இன்டெல்லில் ஏறத்தாழ 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்க மறுப்பதும்தான். கணினி நன்றாகவே இருக்கிறது, இயங்குதளம்தான் கைவிட்டுவிட்டது.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' திட்டம் 1993இலேயே தொடங்கியது என்றாலும், கேம் ஆடுகிறவர்களுக்கு அது நெடுங்காலம் தலைவலியாகவே இருந்தது. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு 'புரோட்டான்' என்ற கருவியை உருவாக்கி, தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே சேர்த்த பிறகு நிலைமை மாறியது. விண்டோஸ் கேம் ஒன்று டைரக்ட்எக்ஸ் மொழியில் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் கட்டளைகளை, புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே என்ற பகுதி உடனுக்குடன் லினக்ஸுக்குப் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றித் தருகிறது. முழுக் கணினியையும் நகல் செய்யும் எமுலேட்டர் இல்லை என்பதால் வேக இழப்பு குறைவு. 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவதே லினக்ஸில்தான் என்பதால், அதற்காகச் செய்யப்பட்ட திருத்தங்கள் எல்லாம் நம் மேசைக் கணினிக்கும் வந்து சேர்கின்றன.

பிறகு வேலரன்ட் மட்டும் ஏன் ஓடாது? கிராபிக்ஸ் காரணம் அன்று. ஆன்லைனில் கள்ளாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க அந்த கேமோடு வரும் 'வேன்கார்டு' என்ற ஆன்டி-சீட் நிரல், விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லினக்ஸில் அந்த அறையே இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய வேறு இரண்டு ஆன்டி-சீட் நிரல்களும் 2021இலேயே புரோட்டானில் இயங்க வழி செய்துவிட்டன; ஆனால் அதை அனுமதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் நிறுவனத்தின் முடிவு. ஜிடிஏ 5இன் ஆன்லைன் பகுதி லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டதோடு நின்றுபோனது. கதைப் பகுதி இன்றும் ஓடுகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் அதே ஆண்டின் பிற்பகுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்தது. நேற்று ஓடிய கேம் நாளை ஓடாமல் போகலாம் என்பதுதான் இதில் எனக்கு உண்மையிலேயே உறுத்தும் விஷயம். ஆகவே மாறும் முன், எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆட்டக்காரர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொரு கேமின் பெயரையும் தேடி, பிளாட்டினம், கோல்டு என்ற முத்திரையோடு நிற்காமல், உங்கள் கார்டையே வைத்திருப்பவர்கள் அண்மையில் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள்.

உங்கள் கார்டைப் பற்றி ஒரு சொல். 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவரே (கார்டை இயக்கும் நிரல்) கடைசி. எப்போதும் புதியதையே துரத்தும் ஆர்ச் போன்ற லினக்ஸ் வகையைப் போட்டால், ஒருநாள் அப்டேட் முடிந்து கறுப்புத் திரையைப் பார்க்க நேரலாம். லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டு, டிரைவர் மேனேஜரில் 580ஐத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். டைரக்ட்எக்ஸ் 12இல் மட்டும் ஓடும் புதிய கேம்களை இந்தக் கார்டில் எதிர்பார்க்க வேண்டாம்.

கோவை வாசகர்: லினக்ஸ் மின்டில் என்விடியா டிரைவர் நிறுவினேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்த பிறகும் திரை பழைய குறைந்த ரெசல்யூஷனிலேயே இருக்கிறது. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கொடுத்தால் டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது.

ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை வந்து போயிருக்குமே, கவனித்தீர்களா? பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கணினியில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பம் இல்லாத எந்த டிரைவரையும் கர்னல் உள்ளே விடாது. என்விடியா டிரைவர் உங்கள் கணினியிலேயே கட்டப்படுவதாக இருந்தால், அதற்கான கையொப்பச் சாவியும் அங்கேயே உருவாகிறது. அந்தச் சாவியை 'இது என்னுடையதுதான்' என்று நீங்கள் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும். டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது இதற்காகத்தான். அடுத்த முறை கணினி தொடங்கும்போது வரும் நீலத் திரை, ஏதேனும் ஒரு விசையைத் தட்டச் சொல்லி 10 விநாடி மட்டுமே காத்திருக்கும். பிழைச் செய்தி என்று நினைத்து நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்போம். அது தானாகக் கடந்து போய்விடும். சாவியும் பதிவாகாது, டிரைவரும் ஏறாது, பிழை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் மோக்யூடில் என்ற கருவிக்கு, ஏற்கெனவே உருவான சாவிக் கோப்பைக் காட்டி இம்போர்ட் கட்டளை கொடுங்கள். புதிதாக ஒரு கடவுச்சொல் வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீலத் திரை வந்ததும் தாமதிக்காமல் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'எஸ்' என்று வரிசையாகப் போய், அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது சுலபமான வழிதான். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் இருந்து, அதில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போடப்பட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

திருச்சி கல்லூரி மாணவர்: விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். டி டிரைவில் உள்ள கேம்களை லினக்ஸ் ஸ்டீமில் சேர்த்தேன். 'பிளே' அழுத்தினால் ஒரு கணம் 'ஸ்டாப்' என்று மாறி மீண்டும் 'பிளே' ஆகிவிடுகிறது.

இதே பொத்தானை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அழுத்திக்கொண்டிருந்த அனுபவம் எனக்கும் உண்டு. புரோட்டான் பதிப்பை நான்கு முறை மாற்றினேன், டிரைவரைச் சந்தேகப்பட்டேன், 60 ஜிபி கேமை அழித்து மறுபடியும் இறக்கினேன். குற்றவாளி அந்த டிரைவ்தான்.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையை லினக்ஸால் படிக்கவும் எழுதவும் முடியும். 2021இல் வந்த 5.15 கர்னலிலிருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. படம் பார்க்கவும் கோப்புகளை நகலெடுக்கவும் அது போதும். ஆனால் புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்ன விண்டோஸ் வீடு கட்டுகிறது. அதற்குள் 'சி:' என்று முக்காற்புள்ளியோடு பெயர் கொண்ட ஓர் இணைப்பை வைக்கிறது. கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. சில வேளை அந்த இணைப்பே உருவாகாது; உருவானாலும், பிறகு விண்டோஸில் டிஸ்க் சோதனை ஓடும்போது அது பிழையெனக் கருதப்படும். போதாக்குறைக்கு, விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் விட்டுவிடுவதால், லினக்ஸ் அந்த டிரைவை எழுத முடியாத நிலையில் திறக்கும்.

முதலில் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். பிறகு, இடம் இருந்தால் டி டிரைவைச் சுருக்கி, லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான இஎக்ஸ்டி4இல் பார்ட்டிஷன் (தனிப் பகுதி) ஒன்று உருவாக்கி, லினக்ஸ் கேம்களை அங்கே வையுங்கள். ஒரே பிரதியை இரண்டு பக்கமும் ஓட்டும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. ஒரே பிரதி வைத்தால் இடம் மிச்சமாகும், தூக்கம் போகும்.

திருநெல்வேலி வாசகர்: யூஎஸ்பி வைஃபை டாங்கிள் லினக்ஸில் வேலை செய்யவில்லை. பெட்டியில் லினக்ஸ் ஆதரவு உண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பெட்டியை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைப் பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டினால் தெரியும். அங்கே அது வைஃபை கருவியாக அல்லாமல் டிஸ்க் என்று காட்டினால், விண்டோஸ் டிரைவர் அடங்கிய போலி சிடி டிரைவாக அது தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பு அதை வைஃபையாக மாற்றிவிடும். ரியல்டெக் 8812ஏயு, 8821ஏயு சிப் என்றால், 2025இல் வந்த 6.14 கர்னலிலிருந்து தனி டிரைவர் தேவையில்லை. இதையெல்லாம் இறக்க இணையம் வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் வசதியைப் போடுங்கள். லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும்.

யாழ்ப்பாண வாசகர்: மலிவு விலை கேம்பேட் ஒன்று வாங்கினேன். லினக்ஸ் அதை அடையாளம் காண்கிறது. ஆனால் கேமில் பொத்தான்கள் இடம் மாறி வேலை செய்கின்றன.

பல மலிவு கேம்பேடுகளில் இரண்டு முறைகள் உண்டு. நடுப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எக்ஸ்பாக்ஸ் பேடைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். அதற்கான எக்ஸ்பேட் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. அப்போதும் சரியாகாவிட்டால், ஸ்டீம் அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், எந்தப் பொத்தான் எது என்று நீங்களே ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை.

சேலம் வாசகர்: ஒவ்வொரு கேமும் தொடங்கும் முன் 'வல்கன் ஷேடர்' என்று ஏதோ நெடுநேரம் ஓடுகிறது. தவிர்த்துவிடலாமா?

தவிர்க்கலாம், அதற்குப் பொத்தானே இருக்கிறது. கேமின் படங்களை வரையும் சிறு நிரல்களை உங்கள் கார்டுக்கேற்ப முன்கூட்டியே தயார்செய்யும் வேலை அது. தவிர்த்தால் அதே வேலை ஆட்டத்தின் நடுவே நடக்கும். புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கும். முதல் முறை காத்திருந்துவிட்டால், கேமுக்கோ டிரைவருக்கோ அப்டேட் வரும் வரை பெரும்பாலும் மறுபடியும் கேட்காது.