ஊஞ்சல்ல ஆடிட்டு இறங்கினா இன்னும் துள்ளுறானே, ஏன்?

கேள்வி: மேடம், என் பையனுக்கு அஞ்சு வயசு, ஆட்டிசம் இருக்கு. திடீர்னு சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு அழுவான். அமைதியாவான்னு சொன்னாங்கன்னு சென்சரி ஸ்விங் மாட்டினோம், உள்ள சுருண்டு உக்காந்துக்குற துணி மாடல். சுத்தி விடு சுத்தி விடுன்னு கேப்பான், சுத்தினா அப்படி ஒரு சிரிப்பு, ஆனா இறங்கினதும் வீடு முழுக்க ஓடுறான், கடிக்கிறான், ராத்திரி தூக்கமும் போச்சு. தப்பான ஊஞ்சலை வாங்கிட்டோமா?

பதில்: ஊஞ்சல் சரியானதுதாங்க, சுத்துறதுதான் பிரச்சனை. ரெண்டு காதுக்குள்ளயும் மூணு மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, தலை சுத்தும்போது அதுல இருக்குற திரவம் அசைஞ்சு மூளையை உசுப்பி விடும், சுத்தல் நின்னப்புறமும் அந்த திரவம் உடனே அடங்காது. முன்னும் பின்னுமா நேரா ஆடுறதை உணர்றது காதுக்குள்ளயே வேற இடம், அங்க பொடிப்பொடியா சுண்ணாம்புத் துகள் இருக்கு. மெதுவா ஒரே தாளத்துல அதை அசைச்சா பெரும்பாலான பிள்ளைங்க அடங்குவாங்க. அதனால சுத்துறதை நிறுத்திட்டு மெதுவா முன்னும் பின்னும் மட்டும் ஆட்டுங்க, துணி உடம்பை இறுக்கிப் பிடிக்கிறதும் பல பிள்ளைங்களுக்கு கட்டிப்பிடிச்ச மாதிரி இதமா இருக்கும். அவன் சிரிக்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, முகம் வெளுக்குதா, வேர்க்குதா, குமட்டுதான்னு பாருங்க, அப்படி இருந்தா உடனே நிறுத்திடணும். சுத்துறது அவனுக்குப் பிடிக்குதுன்னா அதைப் பகல்ல, கொஞ்சமா, தெரபிஸ்ட்டைக் கேட்டுட்டு வச்சுக்கலாம், தூங்கப் போற நேரத்துல வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, கத்தி அழ ஆரம்பிச்சப்புறம் தூக்கி ஊஞ்சல்ல போடாதீங்க, அந்த நேரத்துல அவனுக்கு அது இன்னொரு தொந்தரவு. படபடப்பு ஏறுறது தெரியும்ல, அப்பவே கூப்பிடுங்க, வரலைன்னா விட்டுடுங்க. இறங்கினதும் சுவரைத் தள்ளச் சொல்றது, கொஞ்சம் கனமான பையைத் தூக்கி வரச் சொல்றதுன்னு தசைக்கு வேலை கொடுங்க, ஓட்டம் குறையும். தயவுசெஞ்சு ஊஞ்சலை பரிசாவோ தண்டனையாவோ ஆக்காதீங்க, மனசு பொறுக்காமத்தான் சொல்றேன்.

தொடுறது, அசையறது மாதிரி புலன் அனுபவங்களை வச்சுப் பண்ற சென்சரி இன்டக்ரேஷன் தெரபியை உருவாக்குன ஜீன் ஏயர்ஸ் காலத்துல இருந்தே ஊஞ்சல் இந்த சிகிச்சையில உண்டு, ஆனா அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012லயே இந்த வகை தெரபிக்கு ஆதாரம் குறைவாத்தான் இருக்குன்னு சொல்லியிருக்கு. அதனால ஊஞ்சல் ஆட்டிசத்தை சரி பண்ணிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பிள்ளைக்கு அந்த நேரம் கொஞ்சம் லேசாகுதா, அவ்ளோதான் கேள்வி.

கேள்வி: எவ்ளோ நேரம் விடலாம், அதுலயே தூங்கிட்டா?

பதில்: அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் தாராளம், அதுக்கு முன்னாடியே போதும்னா இறக்கி விடுங்க. தூங்கிட்டா தூக்கிப் படுக்கையில போடுங்க, துணியும் கயிறும் கழுத்துல மாட்டலாம், தனியா விடவே கூடாது. ஆடும்போது கொக்கி மேல விழற பாரம் பிள்ளையோட எடையைவிட அதிகம், அதனால ஃபால்ஸ் சீலிங்ல மாட்டாம கான்கிரீட்லயோ உத்தரத்துலயோ தெரிஞ்சவங்களை வச்சு மாட்டுங்க, கீழ மெத்தை போடுங்க, அவன் காலை ஊனி தானே நிறுத்திக்கிற உயரத்துல இருக்கட்டும். வலிப்பு வந்திருந்தா டாக்டரைக் கேக்காம ஏத்தவே வேண்டாம்.