பழைய ஃபிலிம் கேமராவை இணைய ஏலத்தில் எடுப்பதற்கு முன்

இணைய ஏலத்தில் பழைய ஃபிலிம் கேமரா வாங்கும்போது, விலை நியாயமானதா, விற்பவரை நம்பலாமா என்று எப்படிக் கணிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். நான் விற்பவரிடமிருந்தே தொடங்குவேன். ஏனெனில் பழைய கேமராவின் விலையைத் தீர்மானிப்பது அதன் இன்றைய நிலை, அந்த நிலையைப் பற்றி நமக்குத் தெரிவதோ அவர் சொல்வதும் காட்டுவதும் மட்டுமே.

மதிப்பீட்டுச் சதவீதத்தைவிட, அதிருப்தியடைந்தவர்கள் எதைப் பற்றிக் குறைகூறியிருக்கிறார்கள் என்பதையும் அதற்கு விற்பவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதையும் படிப்பது பயன் தரும். அவர் வேறு என்னென்ன விற்கிறார் என்றும் பாருங்கள். வீட்டுச் சாமான்களோடு ஒரேயொரு கேமராவை விற்பவர் 'சோதிக்கவில்லை' என்று எழுதினால் அது உண்மையாகவே இருக்கலாம். கேமராக்களையே தொடர்ந்து விற்பவர் அப்படி எழுதினால், சோதித்துப் பார்த்ததில் இயங்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அப்போது நான் தரும் விலையும் பழுதான கேமராவுக்குரியதுதான்.

'மின்ட்' (புத்தம்புதியது போன்றது), 'நியர் மின்ட்' (ஏறக்குறைய அப்படி) போன்ற தர அடைமொழிகளுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் பூஞ்சை, மங்கல், கீறல் பற்றி என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒளியை லென்ஸின் பின்னாலிருந்து பாய்ச்சி எடுத்த படம், ஃபிலிமின் மேல் ஒளி விழ திறந்து மூடும் ஷட்டர் திரையின் படம், பேட்டரி அறையின் உட்புறப் படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் நின்றுவிடாமல் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். பழைய எந்திர ஷட்டர்களில் உள்ளே எண்ணெய் பிசுபிசுத்தால் முதலில் தடுமாறுவது இந்த மெதுவான வேகங்களே. இவற்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், கேமரா எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் விலகிவிடுவேன்.

விலையைப் பொறுத்தவரை, கேட்கும் விலைகளை ஒதுக்கிவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். ஈபே தளத்தில் அடித்துக் காட்டப்படும் விலை விற்பவர் கேட்டதே. பேரம் அதற்குக் குறைவாகவே முடிந்திருக்கும். அதே மாடல், அதே லென்ஸ், ஒத்த நிலை என ஒப்பிட்ட பிறகு, பழுதுபார்க்கும் செலவைக் கழியுங்கள். பின்மூடியில் ஒளி புகாமல் தடுக்கும் ஃபோம் உளுத்துப்போயிருந்தால் அது பெரிய செலவில்லை. ஆனால் பரவலாகக் கிடைக்கும் மாடல்களில் ஷட்டரைப் பிரித்துச் சீர்செய்யும் கூலி கேமராவின் விலையையே தாண்டிவிடக்கூடும். கான்டாக்ஸ் டி2 போல முழுக்க மின்னணுவியலை நம்பிய கேமராக்களில் சர்க்யூட் போய்விட்டால் உதிரிபாகம் கிடைப்பதே அரிது. ஆகவே அவற்றைச் 'சோதிக்கவில்லை' என்று விற்றால் நான் ஏலத்தில் இறங்குவதே இல்லை. 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைத்த லைட் மீட்டர்கள் (ஒளியின் அளவைக் காட்டுபவை) பல, இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியில் தவறாகக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பொன்முலாமும் ராணுவ முத்திரையுமாக மலிவாக வரும் லைக்கா (விலையுயர்ந்த ஜெர்மன் கேமரா) பெரும்பாலும் வேடமிட்ட சோவியத் கேமராதான்: 1934 முதல் கார்கிவில் தயாரான ஃபெட், அல்லது 1948 முதல் வந்த ஜோர்கி. லென்ஸைக் கழற்றிய படத்தைக் கேளுங்கள். லைக்காவில், குவியத்துக்காகத் தூரம் அளக்கும் தூரமானியின் நெம்புகோல் முனையில் சிறு உருளை இருக்கும். இவற்றில் அது ஆப்பு வடிவில் இருக்கும்.

உங்கள் உச்சத் தொகையை, அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்த்து முன்பே முடிவு செய்து, கடைசி நேரத்தில் ஒரே முறை பதியுங்கள். தானியங்கி ஏலமுறையில் அடுத்தவரின் தொகைக்குச் சற்று மேல்தான் நீங்கள் செலுத்த நேரும். கேமரா கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு ஃபிலிம் சுருளில் படமெடுத்துக் கழுவிப் பார்த்துவிடுங்கள்.