கடைய மாத்தினா போதுமா?

கேள்வி: போன பொங்கல்லேர்ந்து பாக்கெட் மசாலா, ஷாம்பு, பிளாஸ்டிக் டப்பா எல்லாத்தயும் நிறுத்திட்டு எளிமையா வாழ ஆரம்பிச்சிட்டோம். எல்லாமே வீட்டுத் தயாரிப்புதான். ஆனா மாசச் செலவு கூடிருக்கு, மனைவி சலிச்சுக்கறாங்க, எங்கம்மா வேற சிரிக்கிறாங்க. வாங்கின லிஸ்ட்ட இணைச்சிருக்கேன். எங்க இடிக்குது? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: லிஸ்ட்டுலயேதான் இடிக்குது சார். கண்ணாடி ஜாடி செட்டு, பித்தளை உருளி, மரச் சீப்பு, போதாததுக்கு 'ஆர்கானிக் காட்டன் பை' ஆறு. தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த எந்த வீட்டுலயும் பரண்ல தாம்பூலப் பை குவிஞ்சு கெடக்கும், தேங்கா தூக்கின பை கத்திரிக்கா தூக்காதா? 2019 ஜனவரி 1-லேர்ந்து பிளாஸ்டிக் கேரிபேக்குக்குத் தடை, அரசாங்கமே மஞ்சப்பைய எடுங்கங்குது, நீங்க அத கூரியர்ல வரவழைக்கிறீங்க. உங்கம்மா சிரிக்காம என்ன பண்ணுவாங்க.

மாப்பிள்ளை சம்பாவும் ஆன்லைன் ஆர்டராம்! திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நெல் திருவிழா வச்சு, ரெண்டு கிலோ விதை வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கொடுங்கன்னு சொல்லித்தான் பாரம்பரிய நெல்ல ஊர் ஊரா பரப்பினாரு. அந்த மாதிரி நெல்லு போடுற விவசாயி உங்க பக்கத்துலயே இருப்பாரு, சம்பா அறுவடை முடிஞ்சதும் நேரா போயி மூட்டையா பேசி வாங்குங்க.

உருளிய வாங்கினது சரி, உள்பக்கம் வெள்ளீயம் பூசினீங்களா? பூசாம அதுல புளிக்குழம்பு வச்சா பித்தளை புளியோட சேர்ந்து ஒரு களிம்பு வாசன வரும், வாயில வைக்க முடியாது, உடம்புக்கும் ஆகாது. கும்மோணத்துல பாத்திரக்கடைல கேட்டா யார் பூசறாங்கன்னு சொல்லுவாங்க. இல்லன்னா இருக்கற எவர்சில்வர்லயே வைங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். "எல்லாமே வீட்டுத் தயாரிப்பு"ன்னு எழுதிருக்கீங்களே, தயாரிக்கிறது யாரு? சீயக்காயோட வெந்தயம், பயறு, பூலாங்கிழங்கு காயவச்சு மில்லுக்குத் தூக்கிட்டுப் போறது, சாம்பார்ப்பொடிக்கு மிளகாய நெடியோட வறுக்கறது, இட்லிக்கு மாவாட்டுறதுன்னு பூராவும் ஒரே ஆள் தலையில விழுந்தா அவங்க சலிச்சுக்காம? பாதிய விட்டுத் தள்ளுங்க. சோப்ப கடையிலயே வாங்குங்க, எண்ணெய செக்குல வாங்குங்க, சீயக்காய அக்கம்பக்கத்து வீட்டோட சேர்ந்து ஒரே தடவையா அரைச்சுப் பங்கு போட்டுக்குங்க.

சித்திரையில வடாம் போடுறப்ப மட்டும் விடிகாலைல எழுந்து அடிபிடிக்காம கூழு கிண்டுறது நீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள மாடியில வேட்டி விரிச்சுப் பிழிஞ்சாகணும், அப்பறம் காக்கா வராம காவல் இருக்கற வேலையும் உங்களுதுதான், ஃபோன நோண்டிட்டே கூட உக்காரலாம். கையில கொப்புளம் வந்தா தேங்காண்ணெ தடவுங்க. அதுக்குன்னு ஒரு ஆர்கானிக் தைலம் ஆர்டர் போட்டுடாதீங்க.