கரண்ட் போனதும் லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை மட்டும் இழுக்கிறதே, பவர் சேவிங்கை அணைத்துவிடலாமா?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: கோத்தகிரியில் வீட்டிலிருந்து வேலை. லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ், பேட்டரி நீடிக்கட்டும் என்று டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளும் போட்டிருக்கிறார். கரண்ட் இருக்கும்வரை தொல்லையில்லை. போய்விட்டால், ரவுட்டர் சின்ன யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தாலும், எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழி) அடிக்கிற எழுத்து திக்கித் திக்கி வருகிறது. அதே நேரத்தில் போனில் வீடியோ சீராக ஓடுகிறது.

தாராளமாக அணைக்கலாம். ஆனால் அணைத்த பிறகும் அது தானாக மறுபடி முளைக்கும். ஏன் முளைக்கிறது என்று தெரிந்தால்தான் தீர்வு நிற்கும்.

நான் குன்னூர்க்காரன். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சில்வர் ஓக் கிளை லைன்மேல் விழும், கரண்ட் போகும். கேபிளும் பல இடங்களில் மரங்களுக்கிடையேதான் வருகிறது என்பதால் இரண்டும் சேர்ந்தே படுப்பதும் உண்டு. ஆகவே கரண்ட் இல்லாதபோது நெட் இழுத்தால் நாம் மழையைத் திட்டுவோம், அடுத்து கேபிள்காரரைத் திட்டுவோம். கட்டபெட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் ரவுட்டரையே மாற்றினார், புது ரவுட்டரிலும் அதே இழுவை. உங்கள் விஷயத்தில் போன் நன்றாக ஓடுவதால் ரவுட்டரும் லைனும் தப்பித்துவிட்டன. கரண்ட் போகும் நொடியில் உங்கள் லேப்டாப்புக்குள் மாறுவது என்ன? சார்ஜர் இல்லை, பேட்டரி என்று டிஎல்பி புரிந்துகொள்கிறது. அதன் இயல்பான அமைப்பில் சார்ஜரில் இருந்தால் வைஃபை பவர் சேவ் ஆஃப், பேட்டரியில் இருந்தால் ஆன்.

பவர் சேவ் ஆன் ஆனால் நடப்பது இது. வைஃபை கார்டு சும்மா இருக்கும் நேரத்தில், ‘நான் தூங்கப் போகிறேன், எனக்கு வருவதை எடுத்து வை’ என்று ரவுட்டருக்கு ஒரு பிட் மூலம் சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துக்கொள்ளும். ரவுட்டர் அதற்கு வரும் பொட்டலங்களைத் தேக்கி வைக்கும். பெரும்பாலான ரவுட்டர்கள் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் என்ற அறிவிப்பை விடுகின்றன. யார் யாருக்குச் சரக்கு காத்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். கார்டு அந்த நேரத்துக்கு விழித்துப் பட்டியலைப் பார்த்து, தனக்கு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆக, நீங்கள் அடித்த ஓர் எழுத்துக்கான பதில் ரவுட்டர் வரை வந்தும், அடுத்த பீக்கன் வரை அங்கேயே நிற்கலாம். ஒரு பீக்கன் தவறினால் இன்னும் ஒரு பீக்கன்.

வீடியோவுக்கும் பெரிய டவுன்லோடுக்கும் இது உறைக்காது, ஏனென்றால் தொடர்ந்து டேட்டா வரும்போது கார்டு தூங்கப் போவதே இல்லை. அதனால்தான் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். விட்டு விட்டு ஒரு துளி டேட்டா போய்வரும் வேலைகள்தான் அடி வாங்கும்: எஸ்எஸ்ஹெச், தொலைவிலிருந்து இயக்கும் டெஸ்க்டாப், வீட்டு பிரிண்டரைத் தேடுவது. பிரிண்டர் தேடல் மல்டிகாஸ்டில், அதாவது பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையில், நடக்கிறது. தூங்கும் கார்டுகளுக்காக ரவுட்டர் அதையும் பிடித்து வைத்துத்தான் விடும்.

சந்தேகத்தைத் தீர்க்க நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கட்டளைகளை உச்சரிப்பாக எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உங்கள் ரவுட்டரையே பிங் செய்யுங்கள் (சின்னப் பொட்டலம் அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை), பல வீடுகளில் அது 192.168.1.1. வெளியூர் சர்வரை அல்ல, ரவுட்டரை. நொடிக்கு ஒன்று போகும் சாதாரண பிங்கில் 4, 90, 35, 110 என்று எண்கள் தாறுமாறாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சூடோவுடன் (நிர்வாகி உரிமையில் ஓட முன்னால் சேர்க்கும் சொல்), ஹைஃபன் ஐ போட்டு 0.02 நொடி இடைவெளியில் அதே பிங். இப்போது எண்கள் சட்டென்று இரண்டு மூன்று மில்லிசெகண்டுக்கு இறங்கினால் கார்டு தூங்குகிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். சிக்னல் கோளாறாக இருந்தால் வேகமாகப் பிங் செய்வதால் குணமாகாது. பிங்கின் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தாமதம் குறைகிற விசித்திரத்துக்கு வேறு காரணம் நான் அதிகம் பார்த்ததில்லை.

கூடவே ‘ஐடபிள்யூ டெவ்’ என்று அடித்தால் கார்டின் பெயர் வரும், டபிள்யூஎல்பி2எஸ்0 என்பது போல. அந்தப் பெயரைச் சேர்த்து ‘கெட் பவர் அண்டர்ஸ்கோர் சேவ்’ என்று கேட்டால் ஆன், ஆஃப் என்று பதில் வரும். அதே வரியில் ‘கெட்’டுக்குப் பதில் ‘செட்’, கடைசியில் ‘ஆஃப்’, முன்னால் சூடோ. இழுவை அந்த நொடியே நிற்க வேண்டும். நின்றால் நோய் உறுதி. ஆனால் மருந்து இதோடு முடியாது, அடுத்த ரீபூட்டில் போய்விடும்.

காரணம், அந்த ஒரே சுவிட்சின்மேல் கை வைப்பவர்கள் பலர். நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் ஒவ்வொரு முறை வைஃபையில் இணையும்போதும் தன் விருப்பத்தைத் திணிக்கும். டிஎல்பி ஒவ்வொரு முறை சார்ஜர் ஏறி இறங்கும்போதும் தன் விருப்பத்தைத் திணிக்கும். மின்செலவை அளக்கும் பவர்டாப்பை ‘ஆட்டோ டியூன்’ என்று ஓடவிடும் பழக்கம் இருந்தால் அதுவும் ஆன் செய்துவிட்டுப் போகும். கடைசியாகத் தொட்டவர் சொன்னதே நிற்கும். இணையத்தில் பாதிப் பேர் ‘எனக்குச் சரியானது’ என்றும் மீதிப் பேர் ‘எனக்கு ஆகவில்லை’ என்றும் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

நெட்வொர்க்மேனேஜரை முதலில் பாருங்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் அதன் பெயரிலேயே உள்ள அடைவுக்குள் கான்ஃப்.டி இருக்கும். உபுண்டு அங்கே ‘டிஃபால்ட் வைஃபை பவர்சேவ் ஆன்’ என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தே தருகிறது, அதில் மதிப்பு 3. 2 என்றால் அணை, 3 என்றால் போடு, 1 என்றால் தொடாதே. அந்தக் கோப்பைத் திருத்துவதைவிட, அகரவரிசையில் அதற்குப் பின்னால் வரும்படி இஸட் இஸட் என்று தொடங்கும் கோப்பு ஒன்றைப் போட்டு, கனெக்‌ஷன் என்ற பகுதியின்கீழ் வைஃபை.பவர்சேவ் = 2 என்று எழுதுவது மேல்; அப்டேட்டில் குழப்பம் வராது. நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து ஈடிசியில் உள்ள டிஎல்பி.கான்ஃப். அதில் ‘வைஃபை பவர் ஆன் பேட்டரி’ என்று பொருள்படும் வரி இருக்கும், பெரிய எழுத்தில் சுருக்கி எழுதியிருப்பார்கள். முன்னால் ஹாஷ் குறி இருந்தால் நீக்கிவிட்டு ஆஃப் என்று வையுங்கள். ஹாஷ் போட்டு வரியை முடக்கினால் டிஎல்பி சும்மா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது தன் இயல்பு மதிப்புக்குத் திரும்பி மறுபடி ஆன் செய்யும். முழுக்க ஒதுங்கச் சொல்ல வேண்டுமானால் இரட்டை மேற்கோளுக்குள் ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். பிறகு ‘சூடோ டிஎல்பி ஸ்டார்ட்’.

வீட்டில் மட்டும் அணைத்து, வெளியே போகும்போது இருக்கட்டும் என்று நினைத்தால் அதற்கும் வழியுண்டு: டிஎல்பியை அப்படி ஒதுக்கிவிட்டு, நெட்வொர்க்மேனேஜரின் கட்டளையான என்எம்சிஎல்ஐ மூலம் உங்கள் வீட்டு வைஃபை இணைப்புக்கு மட்டும் பவர்சேவ் 2 என்று வைக்கலாம். பொதுக் கோப்பு அப்போது தேவையில்லை.

பேட்டரி எவ்வளவு போகும் என்ற பயம் நியாயமானது, இங்கே கரண்ட் எப்போது வரும் என்று யார் கண்டது. கணக்கு போட்டுப் பாருங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, 8 வாட் செலவு என்றால் ஆறேகால் மணி நேரம். கார்டு விழித்திருப்பதால் அரை வாட் கூடினால் ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். இருபது நிமிடச் சொச்சம்தான் நஷ்டம். திரை வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தால் பெரும்பாலும் அதை ஈடுகட்டலாம். உங்கள் கார்டின் உண்மைக் கணக்கு பவர்டாப் காட்டும் டிஸ்சார்ஜ் எண்ணில் தெரியும். ஆன், ஆஃப் இரண்டிலும் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். என் லேப்டாப்பில் அந்த வித்தியாசம், அந்த எண்ணின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே காணாமல் போய்விட்டது. எஸ்எஸ்ஹெச் வேலை இல்லை, படிப்பதும் எழுதுவதும்தான் என்றால் ஆனிலேயே விட்டுவிடுங்கள், எதற்கு வீண் செலவு.

பழைய எஸ்டேட் பங்களா மாதிரி கருங்கல் சுவர் வீடு என்றால் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். ‘ஐடபிள்யூ டெவ்’, கார்டு பெயர், ‘லிங்க்’. சிக்னல் மைனஸ் 60 டிபிஎம் அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 75, 80 என்றால் பீக்கனே தவறும். பவர் சேவை அணைத்தாலும் முழுக் குணம் கிடைக்காது. 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-க்கு மாறுங்கள், அல்லது ரவுட்டரை நடுக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எல்லாம் ஆஃப் என்று காட்டியும் இழுத்தால் தூக்கம் டிரைவருக்குள் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது. ‘எல்எஸ்பிசிஐ ஹைஃபன் கே’ உங்கள் டிரைவரின் பெயரைச் சொல்லும். இன்டெல்லில் ஐடபிள்யூஎல்எம்விஎம் என்ற டிரைவர் மாட்யூலின் பவர் ஸ்கீம் இயல்பாக 2-இல் இருக்கும், 1 ஆக்கினால் எப்போதும் விழிப்பு. ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 வகையில் ஆழ்ந்த தூக்கத்தைத் தடுக்க ‘டிஸேபிள் எல்பிஎஸ் டீப்’ என்றும், கார்டுக்கும் லேப்டாப்புக்குமான பிசிஐ இணைப்பின் தூக்கத்தைத் தடுக்க ‘டிஸேபிள் ஏஎஸ்பிஎம்’ என்றும் தனித்தனி அமைப்புகள் உண்டு. கட்டபெட்டு நண்பருக்குக் கடைசியில் உதவியது முதலாவதுதான். இவற்றை ஈடிசியில் உள்ள மோட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பாக எழுதி ரீபூட் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.