டிக் அடிச்சா டிரெயினிங் ஆயிடுமா அண்ணே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுல 19 வருஷமா சூப்பர்வைசர், வயசு 46. இப்ப செல்போன் ஆப்ல டிரெயினிங் போட்ருக்காங்க, எல்லா வீடியோவும் இங்கிலீஷ். முடிக்காதவங்க பேரு வாட்சப் குரூப்புல வருது, மானம் போவுது. என் பையன்தான் எனக்காக டிக் அடிக்கிறான். புதுப் பசங்க ஆளுக்கு பத்து சர்ட்டிபிகேட் வச்சிருக்காங்க. என்னைத் தூக்கிடுவாங்களோ?

பதில்: அண்ணே, மொதல்ல பையனை நிறுத்துங்க, அவன் படிப்பை அவன் பாக்கட்டும். அந்த ஆப்புக்கு வீடியோ ஓடுச்சா, டிக் விழுந்துச்சா, அவ்ளோதான் தெரியும், மறுநாள் கலர் சார்ட்டர்ல, அதான் நிறம் பாத்து அரிசி பிரிக்கிற மெஷின்ல, கருப்பு அரிசி ஏன் நல்ல அரிசியோட சேந்து விழுதுன்னு யாரு கண்டுபிடிப்பாங்கன்னு அதுக்கு என்ன தெரியும்?

உங்க முதலாளி சும்மா போடல. 2030க்குள்ள வேலைக்கு வேண்டிய திறமைல 39 சதவீதம் மாறிடும்னு கம்பெனிக்காரங்க எதிர்பாக்குறாங்கன்னு உலகப் பொருளாதார மன்றம் 2025 அறிக்கைல சொல்லுச்சு, அதுலேர்ந்து எல்லாருக்கும் ஒரு பதட்டம். ஒரு மணி நேர கிளாஸை வெட்டி 3, 4 நிமிஷ வீடியோவா தர்றாங்க, மைக்ரோ லேர்னிங்னு பேரு. நல்ல ஐடியாதான், ஆனா நம்மாளுங்க மாசக் கடைசில ஒரே ராத்திரியில மொத்தத்தையும் ஓட்டி முடிச்சா எப்படி? எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன் மேலயே சோதனை பண்ணி 1885லயே எழுதிட்டார், படிச்சதுல பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளயே மறந்துடுது, விட்டு விட்டு திரும்பப் படிச்சாதான் நிக்குது. முறை வச்சு தண்ணி விடுற ஊர்க்காரர் உங்களுக்கு இதை நான் விளக்கணுமா.

அதனால ஒரு நாளைக்கு ஒரு வீடியோ, அதுவும் ஷிப்ட்டுக்குள்ள, மெஷின் பக்கத்துல நின்னு. முதலாளிகிட்ட 15 நிமிஷம் கேளுங்க, வீட்டுல ராத்திரி பாக்குறது டிரெயினிங் இல்ல, ஓவர்டைம். இங்கிலீஷ் புரியலன்னா ஏஐ ஆப்ல போட்டு தமிழ்ல கேளுங்க, தப்பில்ல. பாய்லர் பிரஷர் மாதிரி விஷயத்துக்கு மட்டும் அதை நம்பாதீங்க, பாய்லர்காரர்கிட்டயே கேளுங்க.

சர்ட்டிபிகேட்தான் உறுத்துதுன்னா, ஏற்கனவே கைல இருக்கிற தொழிலை சோதிச்சு சான்று தர்ற ஏற்பாடு மத்திய அரசோட ஸ்கில் இந்தியா திட்டத்துல இருக்கு. தஞ்சாவூர் நிஃப்டெம்லயும், அதான் மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், பயிற்சி நடக்குது, அது ஒரு காலத்துல நெல் பதப்படுத்துற ஆராய்ச்சி நிலையமா இருந்த இடம்தான். மில் செலவுல அனுப்பச் சொல்லிப் பாருங்க.

இன்னொன்னு, எனக்கு இதுதான் முக்கியமா படுது. கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்தைத் தாண்டுதான்னு மீட்டர் வச்சுப் பாக்குற ஈரத்தை நீங்க நெல்லைக் கடிச்சே சொல்லிடுவீங்க, இல்ல? அதை ரெண்டு நிமிஷ வீடியோவா தமிழ்ல எடுங்க, கடிச்சு சொல்லிட்டு மீட்டர்லயும் வச்சுக் காட்டுங்க, அதையும் ஆப்ல ஏத்தச் சொல்லுங்க. இப்ப பெரிய கம்பெனிங்களே வேலை தெரிஞ்ச ஆளை வச்சுதான் பாடம் எடுக்க வைக்குது. எடுக்கும்போது டிரையரை நிறுத்திட்டு எடுங்கண்ணே, அந்த சத்தத்துல ஒண்ணும் கேக்காது.